பழைய காருக்கு ரேடியேட்டர் தேடுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1968 மாடல் அம்பாசடர் மார்க் 2. மாமனார் ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்கு வைத்திருந்த வண்டி. இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டு ஷெட்டில் நிற்கிறது, மாதம் ஒரு முறையாவது மலை ஏறி இறங்குகிறது. அதற்கு ரேடியேட்டர் (என்ஜினைச் சுற்றிவரும் தண்ணீரைக் குளிர்விக்கிற பாகம்) தேடி நான் பட்ட பாடு சொந்தபந்தங்களுக்குள் பெரிய கதையாகிவிட்டது. அதிலிருந்து யார் வீட்டுப் பழைய காரில் தண்ணீர் கொதித்தாலும் எனக்குத்தான் போன் வருகிறது. சொன்னதையே திரும்பச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏற்காடு ஏறும்போது தண்ணீர் கொதிக்கிறது. ரேடியேட்டரை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ரேடியேட்டர் மீது குற்றமே இருப்பதில்லை.

காசு செலவில்லாத சங்கதிகளை முதலில் பாருங்கள். ஃபேன் பெல்ட்டின் நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் அளவுக்கு இறங்கலாம். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் ஏற்றத்தில் வழுக்கும், பம்பும் ஃபேனும் சோம்பலாகச் சுற்றும். அடுத்தது கீழ் ஹோஸ். அது பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கம். ரப்பர் ஊறிப்போன ஹோஸ் என்ஜின் வேகமெடுத்ததும் சப்பிக்கொள்ளும், என்ஜின் நின்றதும் பழையபடி உப்பிவிடும். பட்டறையில் வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர் கண்ணுக்கு இது சிக்காது. ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பானட்டைத் திறந்து நின்று பாருங்கள். தோளில் துண்டு இருந்தால் அதை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். சுற்றுகிற ஃபேனுக்குத் துண்டும் தெரியாது, கழுத்தும் தெரியாது.

பிறகு இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம். அது பின்தங்கியிருந்தால் எந்த ரேடியேட்டர் போட்டாலும் என்ஜின் சூடாகும். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று நான்கு சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி, தெர்மாமீட்டரோடு ஒரு பழைய டப்பாவில் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள் (வீட்டுப் பாத்திரம் வேண்டாம், நான் அந்தத் தப்பைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்). பழைய என்ஜின்களில் அது பெரும்பாலும் 75 முதல் 82 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். திறக்காவிட்டால் உங்கள் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

எண்ணெய்க் குச்சியில் பால் காபி நிறம் தெரிந்தாலோ, வண்டி குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஹெட் கேஸ்கெட்டை (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவிலிருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கள்.

ரேடியேட்டர்தான் அடைத்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி வந்து அணையுங்கள். ஃபேன் நின்றபின் கோரின் (ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும் டியூப்கள் அடுக்கிய நடுப்பகுதி) முகத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவுங்கள். மேலிருந்து கீழே போகப் போகச் சூடு படிப்படியாகக் குறைந்தால் நல்லது. நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்த இடத்து டியூப்களில் தண்ணீர் போகவில்லை. கையை நம்பாதவர்கள் துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரைக் காட்டிப் பார்க்கலாம்.

இன்னொரு சோதனை: கழற்றிய ரேடியேட்டரின் கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து, தண்ணீரை நிறைத்து, சட்டென்று கையை எடுங்கள். குடம் கவிழ்த்த மாதிரி கொட்ட வேண்டும். நூல் போல இழுத்துக்கொண்டு வந்தால் அடைப்பு.

வெளிப்பக்கம் டியூப்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய தகடுகளான ஃபின்களுக்குள் பூச்சியும் சேறும் அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தோட்டத்து மண் சாலையில் ஓடிய வண்டிகளில் இது சகஜம். என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்தால் வந்துவிடும். பிரஷர் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் ஃபின் மடங்கிவிடும், அதனால் சாதாரண ஹோஸே போதும்.

சேலத்துக்குள் ஓட்டினால் ஒன்றும் ஆவதில்லை. மலையில் மட்டும் ஏன்?

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அந்த உயரத்தை ஏறுகிறோம். இரண்டாவது கியரில், பல இடங்களில் முதல் கியரில், ஆக்சிலரேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டு மெதுவாகப் போகிறோம். வேலை அதிகம், எதிர்க்காற்று குறைவு. ஃபேன் ஒன்றுதான் துணை.

இதோடு இன்னொன்றும் சேருகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏற்காட்டில் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ரேடியேட்டர் வாயிலுள்ள அழுத்த மூடி சரியாக வேலை செய்தால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஏழு பவுண்டு மூடி (சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு அழுத்தம் பிடிப்பது) அங்கேகூட 107 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் வெறும் பாத்திரத்தில் காய்ச்சுகிற கணக்குதான். சமவெளியில் பாதி அடைத்த ரேடியேட்டரை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம், மலைதான் காட்டிக் கொடுக்கும்.

சரி, ரேடியேட்டரேதான். என் காருக்குப் புதிது கிடைக்குமா?

கார் எது என்பதைப் பொறுத்தது.

அம்பாசடர் 2014 வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரான வண்டி. அதனால் பின்னால் வந்த மாடல்களுக்கான ரேடியேட்டர் இன்னும் உதிரிபாகக் கடைகளில் தேடினால் அகப்படும். ஆனால் கவனம்: 1489 சிசி பெட்ரோல், அதே அளவு டீசல், 90-களில் வந்த 1.8 லிட்டர் இசுசு என்ஜின் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் இருப்பதால் கடைக்காரரும் 'அம்பாசடருக்குத்தானே' என்று கையில் வருவதைக் கொடுத்துவிடுவார். வாங்கி வந்து வைத்துப் பார்த்தால் துளை ஒரு பக்கம், போல்ட் ஒரு பக்கம் நிற்கும். மார்க் 1, மார்க் 2 வைத்திருக்கிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டுபோகாமல் வாங்கவே வேண்டாம்.

ஃபியட் 1100, பிரீமியர் பத்மினி இரண்டும் ஒரே குடும்பம், 1089 சிசி. பத்மினி உற்பத்தி 2000-ஐ ஒட்டி நின்றது. பல வருடம் அந்த உதிரிபாகச் சந்தையைத் தாங்கியது மும்பை டாக்சிகள்தான். அங்கே கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. கடையில் இருக்கிற சரக்கு தீரத் தீர, இனிப் போடுவார் குறைவு.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கு என் அனுதாபம். சென்னையில் 1961 முதல் சுமார் பத்து வருடம் தயாரான கார். முழு பானட்டும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அழகான வண்டி, ரேடியேட்டரைக் கழற்றுவது அதில் மாதிரி சுலபம் வேறெதிலும் கிடையாது. மாற்றாக ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இதையெல்லாம் சொன்னபிறகு நான் சொல்லும் அறிவுரை ஒன்றே. புதிதைத் தேடாதீர்கள். உங்களுடையதைக் கோர் மாற்றுங்கள்.

கோர் மாற்றுவது என்றால் என்ன?

பழைய ரேடியேட்டர் மூன்று துண்டு. மேலே ஒரு பித்தளை டேங்க், கீழே ஒரு பித்தளை டேங்க், நடுவில் கோர். கோர் என்பது சப்பையான பித்தளை டியூப்களும் அவற்றுக்கு நடுவே மடித்துச் செருகிய மெல்லிய செம்புத் தகடுகளும். எல்லாம் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றில் ஒட்டியிருக்கும். சூடு காட்டினால் பற்று உருகும், மூன்றும் பிரிந்துவிடும்.

அடைப்பதும் ஓட்டையாவதும் பெரும்பாலும் கோர்தான். டேங்க்கில் நசுங்கல் இருக்கும், விளிம்பில் விரிசல் இருக்கும், அவற்றையெல்லாம் தட்டிப் பற்றவைத்துவிடலாம். உங்கள் காருக்கென்று தனியாக இருக்கிற அடையாளம் எல்லாம் டேங்க்கில்தான் இருக்கிறது: ஹோஸ் கழுத்து எந்தக் கோணத்தில் திரும்புகிறது, மூடி வாய் எங்கே, வடிகால் குழாய் எங்கே என்பவை. பக்கவாட்டுப் பட்டையில் போல்ட் துளைகள். இவற்றை வைத்துக்கொண்டு நடுவில் புதுக் கோரைப் போட்டால் வண்டியில் இருந்த இடத்தில் அப்படியே போய் உட்காரும். கோர் எந்தக் காருக்கும் சொந்தமில்லை. உயரம், அகலம், தடிமன் சொன்னால் வெட்டிச் செய்து கொடுப்பார்கள்.

அதனால், தேட வேண்டியது ரேடியேட்டரை அல்ல, கோர் மாற்றத் தெரிந்த கையை.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறீர்கள்?

சூடு கண்ட பூனை. ஆறு வருடத்துக்கு முன் என் வண்டியில் மேல் டேங்க் ஓரத்தில் பச்சைக் கறை தெரிந்தது, கீழே சொட்டியது. கழற்றிக் கொடுத்த பட்டறையில், 'இதெல்லாம் தேறாதுங்க சார், புதுசு இருக்கு, போட்டுத் தரேன்' என்றார்கள். அலுமினிய ரேடியேட்டர், பளபளவென்று இருந்தது. எனக்கும் ஆசை. போட்டுக்கொண்டேன். பழையதை என்ன செய்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

புது ரேடியேட்டரின் கோர் பழையதைவிட ஒரு விரல்கடை தடிமன். ஃபேனுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியின் தடிமன்கூட இல்லை. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை, ஊசி நடுவிலேயே நின்றது, எனக்குப் பெருமை. இறங்கும்போது ஒரு வளைவில் பஸ் எதிரே ஏறி வந்தது. பிரேக்கை அழுத்தினேன். பழைய என்ஜின் மவுண்ட் ரப்பர் தளர்ந்திருந்ததால் என்ஜின் முன்பக்கமாக ஒரு குலுங்கு குலுங்கியது. ஃபேன் பிளேடு கோரில் வட்டமாக ஒரு கோடு போட்டது. பச்சை நிறக் கூலன்ட் தண்ணீர் கண்ணாடிவரை அடித்தது.

வண்டியை லாரியில் ஏற்றி வந்த மறுநாள் அந்தப் பட்டறைக்குப் போனால், பழைய ரேடியேட்டர் எடைக்குப் போய்விட்டது. பித்தளைக்கும் செம்புக்கும் எப்போதும் விலை உண்டு. பழைய இரும்புக் கடையைத் தேடிப் போனேன், அங்கே சப்பையாக மிதித்து மூட்டை கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம். கடைசியில் லாரி ரேடியேட்டர் பார்க்கும் ஒரு பட்டறையின் பரண்மேல், யாரோ எப்போதோ விட்டுப்போன அம்பாசடர் டேங்க் ஜோடி ஒன்று தூசிக்குள் கிடந்தது. அதில் கோர் போட்டு இன்றைக்கும் ஓடுகிறது.

ஆகவே நீங்கள் புதிதே வாங்கினாலும் சரி, பழையதைக் கேட்டு வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள்.

சேலத்தில் இதை யார் செய்கிறார்கள்?

கடைப் பெயர் சொல்ல மாட்டேன், ஒருவருக்கு நன்றாக அமைந்த கை இன்னொருவருக்கு அமையாது. ஆனால் இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று சுற்றிலும் லாரி, போர் போடும் ரிக் வண்டித் தொழில். பழைய லாரிகளிலும் டிராக்டர்களிலும் ஜெனரேட்டர்களிலும் இருந்தது செம்பு பித்தளை ரேடியேட்டர்தான். அதில் கைதேர்ந்த மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். கார் மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள். லாரி செட்டுகள் இருக்கும் பக்கம் போய் டிரைவர்களிடம், 'பழைய பித்தளை ரேடியேட்டருக்குக் கோர் யாருங்க போடறாங்க' என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போங்கள்.

பட்டறையில் வாசலிலேயே சில விஷயம் தெரிந்துவிடும். தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? ரேடியேட்டரின் வாய்களை அடைத்து, காற்று ஏற்றி, தொட்டிக்குள் முக்கிக் குமிழி பார்க்கிற பட்டறைதான் பட்டறை. வெளிப்புறம் தண்ணீர் ஊற்றி 'ஒழுகலை பாருங்க' என்பவரிடம் விட வேண்டாம். காற்று ஏற்றும்போதும் அளவு உண்டு. உங்கள் மூடி ஏழு பவுண்டு என்றால் சோதனையும் அதை ஒட்டி இருக்கட்டும், லாரி டயருக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் டேங்க் உப்பிவிடும்.

மேஸ்திரியிடம் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

முதலில், உண்மையிலேயே கோர் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். அடைப்பு மட்டும் என்றால் மேல் டேங்க்கைக் கழற்றி ஒவ்வொரு டியூபிலும் மெல்லிய பட்டை விட்டுக் குத்தி எடுப்பார்கள். ராடு போடுவது என்பார்கள். டியூப் சுவர் நல்லபடி இருந்தால் இது இன்னும் சில வருடம் தாங்கும். ஃபின்னைக் கிள்ளினால் பொடிப்பொடியாக உதிர்கிறது என்றால் ராடு போடுவது வீண் செலவு.

கோர்தான் என்று முடிவானால், எத்தனை வரிசை டியூப், அங்குலத்துக்கு எத்தனை ஃபின் என்று பழையதை எண்ணிக்கொண்டு அதே மாதிரி கேளுங்கள். செம்புக் கோரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேசாமல் இருந்தால் மலிவான எதையாவது போட்டுவிட வாய்ப்பிருக்கிறது. விலை செம்பு விலையோடு ஏறி இறங்கும், எனவே பேசிய அன்றே முன்பணம் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

பற்றவைக்கும்போது அமிலம் போடுவார்கள். வேலை முடிந்ததும் உள்ளும் புறமும் நன்றாக அலசச் சொல்லுங்கள், மிச்சம் நின்றால் புதுக் கோரை உள்ளிருந்து அதுவே தின்னும். பெயின்ட் விஷயத்தில் தாராளம் வேண்டாம். மங்கலான கறுப்பு, மெல்லிசாக ஒரு கை. கதவுக்கு அடிக்கிற மாதிரி மொத்தமாக அடித்தால் கோருக்குப் போர்வை போர்த்தின கதை.

பழைய ரேடியேட்டரே இல்லை. அளவு எடுப்பது எப்படி?

நான் பட்டதால் சொல்கிறேன், பொறுமை வேண்டும். அட்டைப்பெட்டியை வெட்டி ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பாருங்கள், டேப்பை மட்டும் நம்பாதீர்கள். கோரின் உயரம், அகலம், தடிமன். போல்ட் துளைகளின் நடுவிலிருந்து நடு. மேல் கீழ் ஹோஸ் கழுத்துகளின் வெளிவிட்டம், அவை இடமா வலமா, எந்தச் சாய்வு. மூடி வாயின் உள் ஆழம். ஃபேன் பிளேடின் முன்முனையிலிருந்து கோர் முகம் வரை குறைந்தது 20 மில்லிமீட்டர் இருக்கட்டும். என் கதை தெரியும். பானட்டை மூடினால் மூடிமேல் இடிக்கிறதா என்பதையும் மறக்க வேண்டாம், அதைக் கடைசியில் கண்டுபிடித்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர்.

அதே மாடல் வைத்திருக்கிற இன்னொருவர் வண்டியில் போய் அளந்து வருவது எல்லாவற்றையும்விட நல்லது.

அலுமினியம் அவ்வளவு மோசமா?

இல்லை. என் அனுபவத்துக்குக் காரணம் அளவு தப்பு, உலோகம் அல்ல. செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும். ஆனால் அலுமினியத்தில் டியூப்பை அகலமாக, பற்று இல்லாமல் செய்ய முடிவதால் கடைசியில் குளிர்விக்கிற வேலையில் அது சளைத்ததில்லை. எடையும் குறைவு. சேர்வராயன் மலையிலிருந்து வெட்டிய பாக்சைட் மேட்டூர் ஆலைக்குப் போய் அலுமினியமான காலம் உண்டு, அந்த வகையில் நம்மூர்ப் பொருள் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

என் தயக்கம் வேறு. ஓட்டை விழுந்தால் சாதாரணப் பட்டறையில் பற்றவைக்க முடியாது, ஆர்கன் வெல்டிங் தேவை. பிளாஸ்டிக் டேங்க் வைத்தது என்றால் வெல்டிங்குக்கும் வழியில்லை. பார்வைக்கும், 68 மாடல் பானட்டைத் திறந்ததும் உள்ளே வெள்ளைத் தகடு பளிச்சென்று அடிப்பது எனக்கு ஒட்டவில்லை. வண்டியைப் பந்தயத்துக்கோ தினசரி ஓட்டத்துக்கோ வைத்திருப்பவர் தாராளமாகப் போடட்டும்.

மாருதி ரேடியேட்டரையோ வேறு எதையாவதோ வெட்டி ஒட்டிப் போடலாமா? எலக்ட்ரிக் ஃபேன்?

வெட்டி ஒட்டுவது ஓடும், விற்கும்போது அடி வாங்கும். சிறிய என்ஜினுக்குச் செய்த ரேடியேட்டர் அம்பாசடருக்குப் பற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் மலையில் நிஜமாகவே உதவும். ஆனால் பழைய டைனமோ வண்டியில் இரவு ஹெட்லைட்டோடு அதையும் சேர்த்து ஓட்டினால் பேட்டரி கரைந்துவிடும். ஆல்டர்னேட்டர் மாற்றியவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

புதுப்பேட்டை, உக்கடம் போய்ப் பழையது வாங்கலாமா?

போகலாம், ரேடியேட்டர் வாங்க அல்ல, டேங்க் வாங்க. சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பழைய சாமான் குவியலில் அம்பாசடர், ஃபியட் ரேடியேட்டர்கள் கண்ணில் படும். கோர் போனதாகவே நினைத்துப் பேரம் பேசுங்கள். டேங்க்கில் துணி நூல் மாதிரி விரிசல் இருக்கிறதா, ஹோஸ் கழுத்து அரித்து மெலிந்திருக்கிறதா, பழைய எம்சீல் பூசி மேலே பெயின்ட் அடித்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

ஹெரால்டுக்கு இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா?

நம் ஹெரால்டின் மூல மாடலான டிரையம்ப் ஹெரால்டுக்கு அங்கே இன்னும் உதிரிபாகம் விற்கிறார்கள். கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உள்ளூரில் கோர் மாற்றுவது எவ்வளவு மலிவு என்று தெரியும். இந்திய ஹெரால்டில் இங்கேயே செய்த மாற்றங்கள் பல. நான்கு கதவு மாடல் இங்கே மட்டும் வந்தது. அதனால் அளவை ஒப்பிடாமல் பணம் கட்ட வேண்டாம்.

மூன்று வரிசை இருக்கிற இடத்தில் நான்கு போட்டால் இன்னும் குளிருமா?

கொஞ்சம். இரட்டிப்பாக எதிர்பார்க்காதீர்கள். பின் வரிசைக்கு வருவது முன்வரிசைகள் சூடாக்கி அனுப்பிய காற்று. தடிமன் கூடினால் ஃபேன் இடைவெளி போய்விடும் என்பதை இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருக்கும் மூன்று வரிசை இந்த மலைக்குப் போதும், இந்த வண்டிகள் புதிதாக இருந்தபோதும் இதே மலையைத்தான் ஏறின.

மூடியில் பெரிய அழுத்தம் போட்டால் கொதிக்காது என்கிறார்களே?

கணக்குப்படி சரி. ஒவ்வொரு பவுண்டுக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும். ஆனால் பழைய கார்களுக்குப் பெரும்பாலும் நான்கு அல்லது ஏழு பவுண்டு மூடிதான். அங்கே இன்றைய கார்களின் 13, 15 பவுண்டு மூடியை மாட்டினால் அந்த அழுத்தத்தை ஐம்பது வருட ஈயப்பற்றும், பம்ப் சீலும், ஹோஸும் தாங்க வேண்டும். தாங்காது. மூடியின் ஆழமும் பொருந்த வேண்டும், குட்டையான மூடி மேலே இறுக்கமாகத் திரும்பும், அடியில் சீல் ஆகாது.

தண்ணீரா, கூலன்டா?

சேலத்து போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மேக்னசைட் வெட்டியெடுக்கிற ஊர் இது. வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான் டியூபுக்குள்ளும் படிகிறது. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் அதற்குப் பரவாயில்லை. நான் ஊற்றுவது பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர்.

வெறும் தண்ணீர் வெப்பத்தை நன்றாகவே சுமக்கும், கூலன்டில் இருக்கும் கிளைக்கால் கலந்தால் சற்றுக் குறையும். ஏற்காட்டுக் குளிரில் தண்ணீர் உறைந்து ரேடியேட்டர் வெடிக்கப்போவதில்லை. கூலன்ட் நமக்கு வேண்டியது துருப்பிடிக்காமல் இருக்கத்தான். வார்ப்பிரும்பு என்ஜின், பித்தளை, செம்பு, ஈயம் எல்லாம் ஒரே தண்ணீரில் கிடந்தால் ஒன்றை ஒன்று அரிக்கும். டப்பாவில் செம்பு பித்தளை ரேடியேட்டருக்கும் ஈயப்பற்றுக்கும் ஏற்றது என்று இருக்கிறதா பாருங்கள். இன்றைய அலுமினிய என்ஜின்களுக்கென்று வரும் நீண்டகாலக் கூலன்ட்கள் சில ஈயப்பற்றோடு ஒத்துப்போவதில்லை. பழைய பாணிப் பச்சைக் கூலன்டை வாங்கி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே நிம்மதி.

வடித்த பழைய கூலன்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும்.

மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடையும் என்பது உண்மையா?

லாரி டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வது. ஊசிமுனை ஓட்டையை அடைத்து வீடு வந்து சேர்க்கும், நானே பார்த்திருக்கிறேன். மறுநாள் அதே மஞ்சள் நல்ல டியூப்களிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வழியில் நிற்பதற்குப் பதில் போடலாம், வந்ததும் அலசிவிட வேண்டும். கடையில் விற்கும் ஓட்டை அடைக்கும் பொடிக்கும் இதே பதில்.

மலையில் நடுவழியில் கொதித்துவிட்டால்?

வளைவில் நிறுத்தாதீர்கள். அடுத்த ஒதுக்குப்புறம் வரை மெல்லப் போய் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஊசி சிவப்பைத் தொட்டிருக்கிறது, ஆனால் ஆவி வரவில்லை, பெல்ட்டும் அறுந்துபோகவில்லை என்றால் என்ஜினை உடனே அணைக்காமல் ஐடிலில் ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். அணைத்ததும் பம்ப் நின்று, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தண்ணீர் இன்னும் சூடேறும். ஆவி பீறிட்டாலோ தண்ணீர் கொட்டினாலோ உடனே அணைக்க வேண்டியதுதான்.

மூடியைத் தொடாதீர்கள். அரை மணி நேரம். குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருங்கள், தின்பண்டத்தை மட்டும் கண்ணாடிக்குள் வையுங்கள். மேல் ஹோஸை அமுக்கினால் கல் மாதிரி இல்லாமல் அமுங்கினால்தான் மூடிக்குப் போகலாம். தடிமனான சாக்குத் துணி போட்டு, முகத்தை விலக்கி, முதல் பள்ளம் வரை மட்டும் திருப்பி அழுத்தம் போகவிட்டுப் பிறகு திறங்கள். உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் சூடான பிளாக்கோ ஹெட்டோ வெடிக்கும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். என் டிக்கியில் எப்போதும் ஐந்து லிட்டர் கேன் ஒன்று கிடக்கும்.

கோர் மாற்றி வந்துவிட்டது. பொருத்துவதற்கு முன் ஏதாவது?

ஒன்று இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். என்ஜினை அலசுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். பழைய வண்டி என்றால் ஒன்றும் வராது, கம்பி விட்டுக் குத்தினால் செம்மண் குழம்பு மாதிரி வரும். அந்தத் துருச் சேறு முழுக்க உங்கள் புதுக் கோருக்குப் போகக் காத்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, மேலிருந்து தோட்டத்து ஹோஸால் தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். பிறகு தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க' என்று தூக்கி எறிகிற மெக்கானிக்குகள் உண்டு. அது இல்லாத என்ஜின் சமவெளியில் குளிர்ந்தே ஓடி, பெட்ரோல் குடித்து, சிலிண்டரைத் தேய்க்கும்.

ஹோஸ் இரண்டும், கிளிப் நான்கும் புதிது. ரேடியேட்டர் அடியில் ரப்பர் துண்டு வைத்து, போல்ட்டை உயிர் போக இறுக்காமல் விடுங்கள். பாடி முறுக்கிக் கொடுக்கிற ஒவ்வொரு குழியிலும் அந்த முறுக்கு ஈயப்பற்றில்தான் இறங்கும். என்ஜின் மவுண்ட் ரப்பரையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதல் நாள் ஊருக்குள். கோரிமேடு வரை போய் வந்து, முழுக்க ஆறியபின் மட்டத்தைப் பாருங்கள். காற்றுக் குமிழி வெளியேறிக் கொஞ்சம் குறைந்திருக்கும், நிரப்புங்கள். அடுத்த நாள் விடியற்காலையில் அடிவாரம், அங்கிருந்து ஐந்தாவது வளைவு வரை ஏறித் திரும்புங்கள். கீழே அட்டையை விரித்து வண்டியை நிறுத்திச் சொட்டு இருக்கிறதா பாருங்கள். இதெல்லாம் தாண்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, சுற்றுலா வண்டிகளின் வரிசையில் மாட்டி, முதல் கியரில் ஊர்ந்து ஏறுங்கள். நான் அப்படித்தான் போனேன், ஊசி முக்கால் வரை போய் நின்றது, ஏரிக்கரையில் நிறுத்தி பஜ்ஜி வாங்கி முடிப்பதற்குள் நடுவுக்கு இறங்கிவிட்டது.